வீடு கைவிட்டுப் போகும் முன்பே வாருங்கள்

வீட்டுவசதித் துறைகளையும் நகர நிர்வாகங்களையும் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும் சிறிய மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களைத் தேடி வருபவர்களில் பலர் இன்னும் தெருவுக்கு வந்துவிடவில்லை. வாடகை பாக்கி ஏறிக்கொண்டிருப்பவர்கள், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர்கள், சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் இங்கே இருக்கவிடுவார்கள் என்று கணக்குப் போடுபவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டோடு நேராக எங்களிடம் வருபவர்கள். உங்கள் கையில் நிதி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், சட்டமும் இருக்கிறது. அவை இவர்களை வந்தடைவது பெரும்பாலும் வீடு போன பிறகுதான். அதை மாற்றச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். வீடு போவதற்கு முன்பே வாருங்கள். வீடு கிடைத்த பிறகும் கொஞ்ச காலம் கூட இருங்கள்.

ஒரு வீடு எப்படிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே நாளில் நடப்பது போலத் தெரியும். பூட்டை மாற்ற ஆள் வருவார், சாமான்கள் வாசலுக்கு வரும். எங்கள் மேசைக்கு வரும் கதைகளில் எல்லாம் அந்த நாளுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. வேலை நேரத்தைக் குறைத்திருப்பார்கள். கணவன் மனைவி பிரிந்திருப்பார்கள். ஒப்பந்தம் யார் பெயரில் இருந்ததோ அவர் இறந்துபோயிருப்பார். உடம்புக்கு முடியாமல் படுத்ததில் சம்பளம் நின்றிருக்கும். முதலில் ஒரு மாத வாடகை தவறும். அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். அடுத்த மாதமும் முடியாது. அதன் பிறகு வீட்டுக்காரர் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள்.

ஒரு பெண் வந்தார். இரண்டு பிள்ளைகள், இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. எதுவும் சொல்லாமல் கையிலிருந்த துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். உள்ளே இருந்தவை எல்லாம் தபால் உறைகள். பாதிக்கு மேல் பிரிக்கப்படவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினோம். முதல் கடிதம் பணிவாக இருந்தது: இந்த மாத வாடகை வந்து சேரவில்லை, ஏதேனும் சிரமம் இருந்தால் தெரிவிக்கவும். இரண்டாவது கடிதம் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தது. வேலை மாறிய விவரம் வராததால் வீட்டு உதவித்தொகையை நிறுத்திவைத்திருக்கிறோம், இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்பினால் மீண்டும் தொடரும் என்று அதில் இருந்தது. அந்தப் படிவம் மடிப்புக் கலையாமல் அதே உறைக்குள் கிடந்தது. இரண்டே பக்கம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் பாக்கி ஏறியிருந்தது, எழுதிய விதமும் கடுமையாகிக்கொண்டே போயிருந்தது. கடைசி உறை நீதிமன்றத்திலிருந்து. விசாரணை அந்த வாரமே.

அவர் ஊதாரித்தனமாகச் செலவு செய்து வாடகையைத் தவறவிடவில்லை. அந்த இரண்டு பக்கத்தை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று உங்கள் அலுவலகத்தில் கேட்பார்கள். கேட்கத்தான் தோன்றும். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தூங்கப் போகும் முன் அந்த உறையைக் கையில் எடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது நல்ல செய்தியாக இருக்காது என்று அவருக்குத் தெரியும். கட்டுவதற்குப் பணம் இல்லை என்பதும் தெரியும். பிரித்து என்ன செய்வது? ‘தொடர்புகொண்டும் ஒத்துழைக்கவில்லை’ என்ற வரியை நான் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்தத் தொடர்பு எப்போதும் கடிதமாகவே இருந்திருக்கிறது. ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டினார் என்று எழுதிய கோப்பு மிக அரிது.

ஆகவே என் முதல் கோரிக்கை இது. வாடகை முதல் முறை தவறியதும் ஒரு மனிதர் நேரில் போக வேண்டும். பாக்கி வசூலிக்கும் ஆளாக அவர் போகக்கூடாது. என்ன நடந்தது என்று கேட்பதற்கும், வர வேண்டிய உதவித்தொகை வருகிறதா என்று பார்ப்பதற்கும், வீட்டுக்காரரோடு பேசித் தவணை முறை ஏற்பாடு செய்வதற்கும், தேவைப்பட்டால் பாக்கியையே அடைப்பதற்கும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். உங்கள் துறைக்குச் சொந்தமான வீடுகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். யார் எந்த மாதம் கட்டவில்லை என்ற பட்டியல் உங்களிடமே இருக்கிறது.

தனியார் வீடுகளில் அந்தத் தகவல் வீட்டுக்காரரிடம் இருக்கும். அவர்களை எதிரிகளாக நான் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு வீட்டை மட்டும் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையை நம்பி வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள் எங்களிடமும் வந்து புலம்புகிறார்கள். நல்ல குடித்தனக்காரர்தான், மூன்று மாதமாகத் தரவில்லை, யாரிடம் சொல்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே கதவு வக்கீல் அலுவலகம். வக்கீலிடம் போகும் முன் அவர்கள் கூப்பிட ஓர் எண் கொடுங்கள். கூப்பிட்டால் ஒரு வாரத்துக்குள் ஆள் வரட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. ஜெர்மனியில் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யக் கோரி வழக்குத் தொடுத்தால், நீதிமன்றமே அந்தப் பகுதியின் சமூக உதவி அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழக்கின் நகல் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் பாக்கி முழுவதும் கட்டப்பட்டால், அல்லது கட்டும் பொறுப்பை ஓர் அரசு அலுவலகம் ஏற்றுக்கொண்டால், பாக்கியைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை உடனடியாக முறித்தது செல்லாது. இரண்டு ஆண்டுக்குள் மறுபடி இந்தச் சலுகை கிடைக்காது என்ற கட்டுப்பாடும் உண்டு, அது நியாயமானதே. ஆஸ்திரியாவிலும் இத்தகைய வழக்குகளை நீதிமன்றம் நகராட்சிக்குத் தெரிவிக்கிறது. அந்தத் தகவலை வைத்துக் குடியிருப்பவர்களைத் தொடர்புகொள்ளத் தனி மையம் ஒன்று வியன்னாவில் 1996ல் தொடங்கப்பட்டது. வழக்குவரை போன பிறகு தெரிவிப்பதே தாமதம் என்பேன். அப்படியிருந்தும், ஒரு குடும்பம் வீட்டை இழக்கப்போகிறது என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்த செய்தி உதவி செய்ய வேண்டிய அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்கும் நிலை அங்கே இல்லை. பல நாடுகளில் இன்றும் இருக்கிறது.

பணம் கொடுத்து உதவினால் பலன் உண்டா என்று நிதித்துறையினர் கேட்பார்கள். சிகாகோவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே வாடகை கட்ட முடியாதவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி மையம் இருக்கிறது. அதன் நிதி சில நாட்களில் இருக்கும், சில நாட்களில் தீர்ந்துபோயிருக்கும். தகுதி ஒன்றாகவே இருந்தும், கூப்பிட்ட நாளைப் பொறுத்து ஒருவருக்கு உதவி கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2016ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. நிதி இருந்த நாளில் கூப்பிட்டவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் வீடற்றோர் தங்குமிடத்துக்குப் போவது 76 சதவீதம் குறைவாக இருந்தது.

அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உதவி கிடைக்காதவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தங்குமிடம்வரை போகவில்லை. அப்படியானால் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பது வீண்செலவா? இரண்டு பதில்கள் சொல்வேன். ஒன்று, மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. ஆகவே யாருக்கு முதலில் என்பதை யோசித்துத் தீர்மானிக்க வேண்டும். முன்பு ஒரு முறை வீட்டை இழந்தவர், சிறுவயதில் காப்பகத்தில் வளர்ந்தவர், அண்மையில் சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வந்தவர், வன்முறைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியவர் ஆகியோரை வரிசையில் முன்னே நிறுத்துங்கள். இரண்டாவது, தங்குமிடத்துக்குப் போகவில்லை என்பதற்காக வீடு தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. அவர்களில் பலரை நான் அடுத்தவர் வீட்டுச் சோபாவிலும் காருக்குள்ளும் பார்த்திருக்கிறேன். வீடற்றோருக்காக இயங்கும் ஐரோப்பியக் கூட்டமைப்பு ஒன்று 2005ல் வகுத்த வரையறையில், தெருவில் படுப்பவர்களோடு, உறவினர் நண்பர் வீடுகளில் வேறு வழியில்லாமல் ஒண்டிக்கொண்டிருப்பவர்களும், காலி செய்யும் உத்தரவோடு வாழ்பவர்களும் சேர்கிறார்கள். உங்கள் கணக்கெடுப்பிலும் இவர்கள் வர வேண்டும். தெருவில் இரவில் டார்ச் அடித்து எண்ணும் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால், முன்கூட்டியே உதவ வேண்டியவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் 2017ல் வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 56 நாட்களுக்குள் வீடு போகும் நிலையில் ஒருவர் வந்தால், அதைத் தடுக்க முயல்வது உள்ளாட்சியின் சட்டக் கடமை. முன்பு இது 28 நாட்களாக இருந்தது. வேல்ஸ் பகுதி இதே வழியில் முன்பே போயிருந்தது. அந்தச் சட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் 56 நாள் என்பது எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் மிகக் குறைவு. அதற்குள் வீட்டுக்காரர் மனம் கசந்திருப்பார், வக்கீல் செலவு பாக்கியோடு சேர்ந்திருக்கும், குடியிருப்பவர் பாதி சாமானைக் கட்டியிருப்பார். சட்டத்தின் எழுத்து எதுவாக இருந்தாலும், கவுண்டரில் இருப்பவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை உலகத்தின் பல மூலைகளிலும் கேட்கலாம்: “நோட்டீஸ் காலம் முடியட்டும், ஆள் வந்து காலி பண்ணும்வரை அங்கேயே இருங்கள், அதற்குப் பிறகு வாருங்கள்.” தயவுசெய்து இந்த வாக்கியத்தை உங்கள் அலுவலகத்தில் தடை செய்யுங்கள். காலி செய்யும் உத்தரவு ஒருவர் பெயரில் பதிவான பிறகு அடுத்த வீட்டுக்காரர் அவருக்குச் சாவி கொடுக்க யோசிப்பார். உதவி கேட்டு வந்தவருக்கு நீங்களே அந்தப் பதிவை வாங்கிக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

பாக்கியை அரசு அடைத்தால் எல்லோரும் வாடகை கட்டுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தையும் கேட்டிருக்கிறேன். எங்களிடம் வருபவர்கள் சாப்பாட்டைக் குறைத்து வாடகை கட்டியவர்கள், மருந்தை நிறுத்தி வாடகை கட்டியவர்கள். வீடு போகும் பயத்தை விலைகொடுத்து வாங்க யாரும் விரும்புவதில்லை. ஒருவருக்கு ஒரு முறை என்றோ, தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும் என்றோ விதி வைத்துக்கொள்ளுங்கள். விதி எழுத உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைக் காட்டி நிதியையே முடக்கிவிடாதீர்கள்.

வழக்கு மன்றத்துக்குப் போய்விட்டால் குடியிருப்பவர் பக்கமும் ஒரு வக்கீல் இருக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2017ல் வருமானம் குறைந்த வாடகைதாரர்களுக்கு இதை உரிமையாக்கியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐநா குழு 1997ல் வெளியிட்ட ஏழாவது பொது விளக்கவுரையில், வெளியேற்றத்தால் யாரும் வீடற்றவராகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குழு கண்காணிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடுகளில் உங்கள் நாடும் இருக்கக்கூடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டை ஏற்கெனவே இழந்தவர்களுக்கு. அவர்களுக்கு வீடு கிடைப்பதில் இருக்கும் சிக்கல் வாடகையோடு முடிவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கக் கையில் மொத்தமாகப் பணம் இருக்காது. முந்தைய வீட்டுக்காரரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், அது இருக்காது. முகவரிச் சான்று கேட்பார்கள். வீடே இல்லாதவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? அட்வான்ஸுக்கு உங்கள் துறை உத்தரவாதம் கொடுக்கலாம். பெரும்பாலும் அந்தப் பணம் கைமாறவே வேண்டியிருக்காது. அதோடு, பிரச்சினை வந்தால் நாங்கள் இருக்கிறோம், இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று வீட்டுக்காரருக்கு ஒருவர் வாக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்களிடம் பேசிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பண உத்தரவாதத்தைவிட இந்த வாக்கு அவர்களை அதிகம் அசைக்கிறது.

முதலில் குடியை நிறுத்து, மாத்திரையை ஒழுங்காகப் போடு, வேலைக்குப் போ, பிறகு வீடு தருகிறோம் என்று படிப்படியாக ஏற்றிவிடும் முறை உலகம் முழுக்க இருந்தது, இன்னும் பல இடங்களில் இருக்கிறது. உளவியலாளர் சாம் செம்பெரிஸ் 1992ல் நியூயார்க்கில் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, சாதாரண வாடகை ஒப்பந்தத்தோடு. சிகிச்சை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவரே முடிவு செய்வார். மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்து தெருவில் வாழ்ந்தவர்களுக்கே அவர் இதைக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளில் அவர்களில் 88 சதவீதம் பேர் வீட்டைத் தக்கவைத்திருந்தார்கள். படிப்படி முறையில் இருந்தவர்களில் அது 47 சதவீதம். கனடா 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொராண்டோ, மாண்ட்ரியல், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில், சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தது. கடைசி ஆறு மாதங்கள் முழுக்க நிலையான வீட்டில் இருந்தவர்கள் ‘முதலில் வீடு’ பிரிவில் 62 சதவீதம், வழக்கமான உதவி பெற்றவர்களில் 31 சதவீதம். இந்த முறை எல்லோரையும் குணப்படுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குடிப்பவர் பலர் தொடர்ந்து குடித்தார்கள். திட்டத்துக்குச் செய்த செலவு முழுவதும் வேறிடத்தில் மிச்சமானது, ஆஸ்பத்திரி, காவல் நிலையம் என்று மிக அதிகச் செலவு வைத்த சிறு பகுதியினர் விஷயத்தில்தான். வீடு நிலைத்தது என்பதுதான் உறுதியாகத் தெரிந்த பலன். வீட்டுவசதித் துறைக்கு அது போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

பின்லாந்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2008ல் அந்த அரசு நீண்டகால வீடின்மையைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதில் ஒரு பகுதியை மட்டும்: இரவுத் தங்குமிடங்களை அவர்கள் வீடுகளாக மாற்றினார்கள். ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திவந்த 250 படுக்கைகள் கொண்ட விடுதி, 2012ல் சுமார் 80 தனிக் குடியிருப்புகளாக மாறியது. அங்கே இருப்பவர் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டு வாடகை கட்டுகிறார். 1985 முதல் இயங்கும் ஒய் அறக்கட்டளை, வீடற்றவர்களுக்காகச் சாதாரணக் கட்டடங்களில் ஆங்காங்கே தனித்தனி வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. 1980களின் இறுதியில் 18,000 அளவில் இருந்த வீடற்றவர்களின் எண்ணிக்கை 2022ல் 4,000க்குக் கீழே வந்துவிட்டது. 2024ல் பல ஆண்டுகளில் முதல் முறையாக மீண்டும் கூடியது. அதே ஆண்டில் அங்கே வீட்டு உதவித்தொகை வெட்டப்பட்டிருந்தது. செய்து முடித்துவிட்டோம் என்று இந்த வேலையில் கையைக் கழுவ முடியாது.

இப்போது என் மனத்தில் அதிகம் உறுத்துவதற்கு வருகிறேன். வீடு கிடைத்த பிறகு நடப்பது.

பல ஆண்டுகள் வெளியில் படுத்த ஒருவருக்கு ஒரு வழியாக வீடு கிடைத்தது. சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். உள்ளறையில் கட்டில் புது உறை பிரிக்காமல் இருந்தது. அவர் வாசல் கதவை ஒட்டித் தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்துவந்தார். காலணிகளைத் தலைமாட்டில் வைத்திருந்தார், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி. உள்ளே படுத்தால் யார் வருகிறார்கள் என்று தெரியாது, தூக்கம் வராது என்றார். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. மின்கட்டணம் எப்படிக் கட்டுவது என்று யாரும் காட்டித் தரவில்லை. முன்பு அவரோடு தெருவில் இருந்தவர்கள் இரவில் வந்து தங்கினார்கள். மழையில் நனைந்துகொண்டு நிற்கும் நண்பரை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்த அவருக்கு மனம் வரவில்லை. சத்தம் என்று மாடியிலிருந்து புகார் போனது. புகார் கடிதமாக வந்தது. அவர் பிரிக்கவில்லை.

அவர் கோப்பை உங்களைப் போன்ற ஓர் அலுவலகம் சாவி கொடுத்த அன்றே மூடியிருந்தது. வெற்றி என்று எழுதி மூடியிருந்தது. ஆண்டு முடியும் முன் அந்த வீடு போயிற்று.

அவருக்குத் தேவைப்பட்டது பெரிய விஷயமில்லை. முதல் மாதம் வாரம் மூன்று முறை ஒருவர் வர வேண்டியிருந்தது. மீட்டரைப் பார்க்கச் சொல்லித் தர, கூடப் போய்ப் பாத்திரம் வாங்க, மாடி வீட்டுக்காரரிடம் அறிமுகம் செய்துவைக்க, வரும் நண்பர்களிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று சேர்ந்து யோசிக்க. பிறகு வாரம் ஒரு முறை. பிறகு எப்போதாவது. எல்லாம் சரியாகப் போகும்போதும் தனிமை வந்து உட்கார்ந்துகொள்ளும். தெருவில் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இந்த நான்கு சுவருக்குள் யாருமில்லை. அந்த மாதங்களில்தான் பலர் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை வெறும் மனிதாபிமானப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். தங்குமிடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் மனநோயாளிகளுக்கு ஒன்பது மாதம் மட்டும் கூடவே இருந்து, மெல்ல மெல்ல விலகிக்கொள்ளும் ஒரு முறையை நியூயார்க்கில் எஸ்ரா சசரும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். 1997ல் வெளியான முடிவின்படி, அடுத்த 18 மாதங்களில் அந்த உதவி பெற்றவர்கள் சராசரியாக 30 இரவுகள் வீடின்றிக் கழித்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்கள் 91 இரவுகள்.

இந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘முதலில் வீடு’ திட்டங்களுக்கான இங்கிலாந்து வழிகாட்டுதல், ஒரு பணியாளருக்கு ஐந்து முதல் ஏழு பேர் என்கிறது. நான் பார்க்கும் பணியாளர்கள் அதைப் போலப் பல மடங்கு பேரைச் சுமக்கிறார்கள். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒரு முறை முடிகிறது, ஆள் மாறுகிறார். நம்பிக்கை வைப்பதற்கே ஆறு மாதம் எடுக்கும் ஒருவர், ஏழாவது மாதம் புதிய முகத்திடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல மாட்டார். நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். பணியாளர்களுக்கு நிரந்தர வேலை கொடுங்கள்.

மருத்துவமனை, சிறை, குழந்தைகள் காப்பகம் மூன்றிலும் வெளியேறும் தேதி முன்கூட்டியே தெரியும், அல்லது தெரிந்துகொள்ள முடியும். தேதி தெரிந்தும் ஒருவர் வாசலில் பையோடு நிற்பதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதில்லை. இங்கிலாந்தில் 2018 அக்டோபர் முதல், வீடிழக்கும் நிலையில் இருப்பவரை அவருடைய சம்மதத்தோடு உள்ளாட்சிக்குத் தெரியப்படுத்துவது சிறைகளுக்கும் மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கும் கடமையாக்கப்பட்டது. தெரியப்படுத்தினால் மட்டும் வீடு வந்துவிடாது, ஆனாலும் அதிலிருந்தாவது தொடங்குங்கள். வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண்ணின் விஷயத்தில், வெளியேற வேண்டியவர் அவர்தானா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பூட்டை மாற்றி, ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாலே பிள்ளைகளோடு அதே வீட்டில், அதே பள்ளிக்குப் பக்கத்தில் இருந்துவிட முடிகிற குடும்பங்கள் உண்டு.

கட்டுப்படியாகும் வாடகையில் போதுமான வீடுகள் இல்லாமல் நான் சொன்ன எதுவும் முழுமையாகப் பலிக்காது. ஒருவரைக் காப்பாற்றினால் வரிசையில் அடுத்தவர் வெளியே நிற்பார். பின்லாந்தில் நடந்ததற்குப் பின்னால் வீடு கட்டியதும் வாங்கியதும் இருக்கிறது. வீடு கட்ட ஆண்டுகள் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இன்று வாடகை கட்டிக் குடியிருக்கும் வீடு ஏற்கெனவே கட்டப்பட்ட வீடு. அதிலிருந்து ஒருவரை வெளியே விட்டுவிட்டு, அவருக்காகவே புதிதாக ஒன்று தேடும் வேலையையாவது நிறுத்தலாம்.

கடைசியாக, எதை எண்ணுகிறீர்கள் என்பதைக் கேட்கிறேன். உங்கள் ஆண்டறிக்கைகளில் எத்தனை பேருக்கு வீடு ஒதுக்கினோம், எத்தனை கோப்புகளை முடித்தோம், எத்தனை படுக்கைகள் சேர்த்தோம் என்ற கணக்கு இருக்கிறது. சாவி வாங்கியவர்களில் 12 மாதம் கழித்தும் 24 மாதம் கழித்தும் அதே வீட்டில், அல்லது தாமே விரும்பி மாறிய வேறொரு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் சேருங்கள். வீட்டை இழந்து உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய ஆண்டில் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்துக்கு உதவி கேட்டுப் போயிருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது கணக்கு உங்களைச் சங்கடப்படுத்தும். அதைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறேன். அடுத்த நிதிநிலை அறிக்கையில், முதல் வாடகை தவறும்போது போய்க் கதவைத் தட்டும் ஆட்களுக்கும், பாக்கி அடைக்கும் நிதிக்கும், சாவி கொடுத்த பின் குறைந்தது ஒன்பது மாதம் கூட இருக்கும் பணியாளர்களுக்கும் தனித் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். உங்கள் பதிலை எங்கள் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வருபவர்கள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
வாடகைக் குடியிருப்போர் உதவி மையத் தன்னார்வலர் ஒருவர்